பல்லை விற்ற பிள்ளைகளை வெட்டிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை வார இணைப்பில், மருத்துவத்தையும் மருத்துவர்களையும் கேலி செய்து ஐரோப்பிய ஓவியர்கள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வரைந்து அச்சிட்ட படங்களில் நான்கை ஒரு முழுப் பக்கத்தில் வெளியிட்டிருந்தீர்கள். திருமங்கலம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய அச்சோவியங்களுக்கு ஒரு தமிழ் நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியதைக் கண்டு உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆனால் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. அந்தக் காலத்து மக்களின் அறியாமையைப் பார்த்து இன்று நாம் சிரித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் படங்களுக்கு மேலே ஒரு முன்னுரை இருந்தது. அதைவிடப் பெரிய குறை, தாமஸ் ரோலண்ட்சன் 1787இல் வெளியிட்ட பல் மாற்றும் படத்தை, பத்தியின் அகலத்துக்குள் அடக்குவதற்காக ஓரத்தில் வெட்டியிருந்தீர்கள். அந்தப் படத்தின் உயிர் இருப்பதே வெட்டுப்பட்ட ஓரத்தில்தான்.

முழுப் படத்தையும் பார்த்திராத வாசகர்களுக்காக அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஒரு பல் மருத்துவரின் கூடம் அது. வீடுகளின் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி துடைக்கும் வேலை பார்க்கும் ஏழைப் பையன் ஒருவன் நடுவில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க, மருத்துவர் அவனுடைய பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அவனை ஒட்டினாற்போல, நன்றாக உடுத்திய சீமாட்டி ஒருத்தி, மயக்கம் வராமல் இருக்க முகர்ந்து பார்க்கும் குப்பியுடன் காத்திருக்கிறாள். பையனின் வாயிலிருந்து வரும் பல் அந்தச் சூடு ஆறுவதற்குள் அவளுடைய ஈறில் பொருத்தப்பட வேண்டும். வேறொருவர் கண்ணாடியைப் பிடித்துத் தம் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கதவில் ஓர் அறிவிப்பு, உயிருள்ள பற்களுக்கு உச்ச விலை தரப்படும் என்கிறது. அந்தக் கதவு வழியாகக் கந்தல் உடுத்திய இரண்டு பிள்ளைகள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போகிறார்கள். அதில் ஒரு பிள்ளையின் பார்வை உள்ளங்கையில் இருக்கும் காசின் மேல் இருக்கிறது.

தாங்கள் அச்சிட்ட படத்தில் சீமாட்டி இருந்தாள், மருத்துவர் இருந்தார், கண்ணாடி பார்ப்பவர் இருந்தார். கதவும் அறிவிப்பும் பிள்ளைகளும் இல்லை. எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் இந்தப் படத்தின் பிரதியைச் சுற்றுக்கு விட்டு, முதலில் யார் கண்ணில் பட்டார்கள், கடைசியாக யார் கண்ணில் பட்டார்கள் என்று கேட்பது என் வழக்கமாக இருந்தது. பெரும்பாலான மாணவர்கள் சீமாட்டியின் பெரிய தொப்பியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுவார்கள். ஓர் ஆண்டு, தாயும் தகப்பனும் செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒரு மாணவி மட்டும் எழுந்து, "அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சார் குடுத்தாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்காகத்தான் ரோலண்ட்சன் அந்த ஓரத்தை வரைந்தார். தங்கள் வாசகர்களில் எத்தனையோ பேர் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். அதற்கான வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அறியாமை என்ற சொல்லும் இந்தப் படத்துக்குப் பொருந்தாது. ஒருவர் பல்லை இன்னொருவர் வாயில் நடுவது தெருவோர வித்தைக்காரர்களின் வேலையாக மட்டும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் அறுவை மருத்துவத்தின் உச்சியில் இருந்த ஜான் ஹண்டர், மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டு, அது அங்கே ஒட்டிப் பிடித்துக்கொண்டதைக் காட்டியவர். பற்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். எடுத்த பல் பொருந்தாமல் போனால் அடுத்த பல்லுக்குத் தேட வேண்டியிராதபடி, பொருத்தமான பல் உள்ள ஆட்கள் பலரைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது என்று அதில் அவர் ஆலோசனை சொல்கிறார். தயாராக வைக்கப்பட்ட அந்த ஆட்கள் யாராக இருந்திருப்பார்கள் என்பதை ரோலண்ட்சனின் படத்தில் பார்க்கலாம். நட்ட பற்கள் பெரும்பாலும் நிலைக்கவில்லை. பல்லோடு சேர்த்து மேகநோய் என்ற சிபிலிஸும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது. கடைசியில் அந்த வழக்கம் ஒழிந்தது. பணம் உள்ளவருக்குத் தேவைப்படும் உறுப்பைப் பணம் இல்லாதவர் உடம்பிலிருந்து எடுக்கலாம் என்ற எண்ணம் மட்டும் அதோடு ஒழியவில்லை. சிறுநீரக வியாபாரத்தைத் தடுக்க நம் நாட்டில் 1994இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் விசைத்தறித் தொழிலாளர்களைத் தேடிப் புரோக்கர்கள் வந்ததை நம் பத்திரிகைகளே எழுதியிருக்கின்றன. அப்படிப்பட்ட செய்திகளை அச்சிடும் ஒரு நாளிதழ் இந்தப் படத்தின் ஓரத்தை வெட்டியதுதான் என்னை வருத்துகிறது.

அதே பக்கத்தில் வில்லியம் ஹோகார்த்தின் படம் ஒன்றும் இருந்தது. கிராமத்திலிருந்து லண்டனுக்கு வந்து, ஏமாற்றி விலைமகளாக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதையை ஆறு தகடுகளில் செதுக்கி 1732இல் அவர் வெளியிட்டார். தாங்கள் எடுத்துக்கொண்டது அதில் ஐந்தாவது. படத்துக்குக் கீழே, சண்டை போடும் வைத்தியர்கள் என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். சண்டை இருப்பது உண்மைதான்: இரண்டு மருத்துவர்கள், யாருடைய சிகிச்சை சிறந்தது என்று எழுந்து நின்று கை நீட்டிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால், கம்பளியால் சுற்றப்பட்டு நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் அந்தப் பெண்ணின் உயிர் அதே நொடியில் பிரிந்துகொண்டிருக்கிறது. இன்னொரு பெண் அவளுடைய பெட்டியைக் குடைந்து துணிமணிகளை எடுக்கிறாள். அவளுடைய சின்னப் பையன் நடப்பது எதுவும் புரியாமல் அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறான். உதிர்ந்த அவளுடைய பற்கள் ஒரு காகிதத்தின் மேல் கிடக்கின்றன. மேகநோய்க்கு அன்று பாதரசம்தான் மருந்து. எச்சில் வழிய வழியக் கொடுப்பார்கள். பற்கள் ஆடி விழும். அந்த அறையில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சத்தத்தை நிறுத்துங்கள் என்று மருத்துவர்களை நோக்கிக் கையை நீட்டுபவள் வேலைக்காரி ஒருத்தி மட்டுமே.

இந்தப் படத்தைப் பார்த்து என்னால் சிரிக்க முடிந்ததில்லை. மில் தொழிலாளியான என் தகப்பனார் 1989இல் நெஞ்சில் நீர் கோத்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கிடந்தார். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. ஒருநாள் காலை இரண்டு மருத்துவர்கள் அவருடைய கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, யார் எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்துவது என்று ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். குரல் ஏறிக்கொண்டே போனது. என் தகப்பனார் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "என்னய்யா சொல்றாக?" என்று கேட்டார். எனக்கும் பாதிதான் புரிந்தது. கேட்கவோ பயமாக இருந்தது. அவர் உதட்டை நக்கியதைப் பார்த்து டம்ளரில் தண்ணீர் எடுத்து ஸ்பூனால் வாயில் விட்டவர் அந்த வார்டு ஆயாதான். ஒன்பதாம் நாள் அவர் இறந்தார். அந்த மருத்துவர்கள் இருவரும் கெட்டவர்கள் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. நோயாளி தங்கள் எதிரில் இருக்கிறார் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். ஹோகார்த்தின் படத்தில் இருப்பதும் அந்த மறதிதான். நோயாளி பணக்காரராக இருந்திருந்தால் அந்த மறதி அவர்களுக்கு வந்திருக்காது என்பதும் அந்தப் படத்தில் இருக்கிறது.

ஹோகார்த் மருத்துவத்துக்கு எதிரி அல்ல என்பதையும் அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும். கடனுக்காகச் சிறையில் இருந்த தகப்பனுக்கு மகனாகப் பிறந்தவர் அவர். லண்டனில் ஏழைகளுக்கான பழைய மருத்துவமனையான செயின்ட் பார்த்தலோமியூவின் மாடிப்படிச் சுவரில், நோயாளிகளைக் குணப்படுத்தும் கிறிஸ்துவையும் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் கட்டுப் போடும் நல்ல சமாரியனையும் பெரிய அளவில் வரைந்து, 1736, 1737ஆம் ஆண்டுகளில் கூலி வாங்காமல் கொடுத்தவரும் அவரே. அதே 1737இல்தான் மருத்துவர்களைச் சவ அடக்கக்காரர்களின் சங்கமாகச் சித்திரித்த படத்தையும் வெளியிட்டார். இரண்டும் ஒரே மனிதரின் ஒரே மனத்திலிருந்து வந்தவை.

அந்தச் சங்கப் படத்தைத் தாங்கள் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஏனென்றால் அன்றைய மருத்துவத்துக்குள் இருந்த ஏணிப்படிகள் ஒரே பார்வையில் தெரிவது அதில்தான். ஏணியின் உச்சியில், பல்கலைக்கழகத்தில் லத்தீன் படித்துப் பொய்முடியும் தங்கப்பூண் போட்ட கைத்தடியும் வைத்திருந்த மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்கள் நாடி பார்ப்பார்கள், கண்ணாடிக் குடுவையில் சிறுநீரை ஏந்தி நிறம் பார்ப்பார்கள், பொற்காசு வாங்குவார்கள். உடம்பைக் கத்தியால் தொடமாட்டார்கள். கத்தியைத் தொட்டவர்கள் அறுவை மருத்துவர்கள். 1540 முதல் 1745வரை லண்டனில் அவர்களும் நாவிதர்களும் ஒரே சங்கத்தில்தான் இருந்தார்கள். மருந்து இடித்து விற்றவர்கள் அதற்கும் கீழே. ஊரில் பெரும்பாலானோருக்கு எட்டிய மருத்துவர் இந்தக் கீழ்ப்படிகளில் இருந்தவர்தான். நம் பக்கத்திலும் மருத்துவம் பார்த்த கைகளில் நாவிதர் குடும்பத்துக் கைகள் எத்தனை, பிரசவம் பார்த்த கைகள் யாருடையவை என்பது கிராமத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். அந்தக் கைகளுக்கு மரியாதை கொடுத்தோமா என்பதும் தெரியும்.

ஹோகார்த் அந்தப் படத்தைக் குடும்பச் சின்னம் போன்ற ஒரு கேடயமாக அமைத்து, இழவுச் செய்தி அட்டைபோல் கறுப்புக் கரை கட்டியிருக்கிறார். கேடயத்தின் கீழ்ப்பாதியில் பன்னிரண்டு மருத்துவர்கள், சிலர் கைத்தடியின் பூணை மூக்கில் வைத்தபடி, ஒருவர் சிறுநீர்க் குடுவையை ஏந்தியபடி நிற்கிறார்கள். மேலே மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரில் ஒருவரான ஜான் டெய்லரைப் பற்றி மதுரைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கண் வைத்தியர். அவருடைய கைத்தடியின் முனையில் ஒரு கண் வரையப்பட்டிருக்கிறது. ஊர் ஊராகப் போய்த் தம்மைத் தாமே புகழ்ந்து பேசிக் கூட்டம் கூட்டி, கண்ணுக்குள் ஊசி விட்டுப் புரையைத் தள்ளிவிட்டு, கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்று சொல்வார்கள். 1750இல் இசைமேதை பாக்கின் கண்களைத் தொட்டவரும் இவர்தான். அதற்குப் பிறகு பார்வையும் திரும்பாமல், அதே ஆண்டு ஜூலையில் பாக் இறந்துபோனார். டெய்லரோ அரசரின் கண் வைத்தியர் என்ற பட்டத்துடன் திரிந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம், 1976இல் பதினொரு படுக்கைகளுடன் டாக்டர் வெங்கடசாமி இந்த ஊரில் தொடங்கிய கண் மருத்துவமனை என் நினைவுக்கு வருகிறது. கண் முகாமுக்குப் போன என் பெரியம்மாவை அங்கிருந்து பஸ்ஸிலேயே அழைத்துப் போய், ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விட்டு, மறுபடியும் வந்து கண்ணைப் பார்த்தார்கள். மறுபடியும் வந்தார்கள் என்பதைத்தான் அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே உள்ள மூவரில் நடுவில் இருப்பவள் சாலி மேப் என்ற பெண். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர் பெற்றவள். ஹோகார்த் அவளுக்குக் கோமாளி உடையை மாட்டி, கையில் எலும்பைக் கொடுத்திருக்கிறார். இங்கே நான் அந்தப் பெரிய ஓவியருடன் உடன்படவில்லை. டெய்லர் ஏமாற்றுக்காரர் என்பதற்குச் சான்று உண்டு. மேப்போ உண்மையிலேயே பல பேருடைய எலும்புகளைச் சேர்த்து வைத்தவள், அதற்கு வேண்டிய பலமும் கைப்பழக்கமும் உள்ளவள். அவளைக் கோமாளியாக்கியதற்கு அவள் படிக்காதவள், பெண், குரலை உயர்த்திப் பேசுபவள் என்பவற்றைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மேல்தட்டை அடிக்க ஓங்கிய கை, தன்னை அறியாமலே கீழே நிற்பவள் மேல் இறங்கிவிட்ட இடம் அது.

இந்த வேறுபாட்டைத்தான் அந்தப் பக்கம் கவனிக்கவில்லை. எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் நாடகத்தில் பபூன் வந்து வட்டிக்காரரையும், ஊசி போட்டே வீடு கட்டிய டாக்டரையும் கேலி செய்யும்போது, தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் சனம் கைதட்டிச் சிரிக்கிறது. அதே பபூன் ஊனமானவரையோ கறுத்த பெண்ணையோ கேலி செய்யும்போது சிரிப்புச் சத்தம் வரத்தான் செய்கிறது, ஆனால் கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஐரோப்பிய அங்கத ஓவியங்களிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. ஹாலந்துப் பகுதியில் அட்ரியன் பிரவ்வர் போன்றவர்கள், ஊர் வைத்தியனிடம் புண்ணை அறுத்துக்கொள்ளும் குடியானவன் வலியில் முகத்தைக் கோணுவதை அவ்வளவு நுட்பமாக வரைந்தார்கள். அந்தப் படங்களை வாங்கி வீட்டில் மாட்டிக்கொண்டவர்கள் நகரத்துப் பணக்காரர்கள். வரைந்தவரின் திறமையை நான் வணங்குகிறேன். வலிப்பவனின் முகம் வேடிக்கைப் பொருளானதை மட்டும் ஏற்க முடியவில்லை.

தாங்கள் வெளியிட்டவற்றில் காலத்தால் முந்தியது, 1587ஆம் ஆண்டு ஹென்ட்ரிக் கோல்ட்ஸியஸின் பட்டறையிலிருந்து வந்த தொகுதியில் உள்ள, மருத்துவர் சாத்தானாக நிற்கும் படம். அது நான்கு படங்களில் கடைசி. முதல் படத்தில் நோயாளி உயிருக்குப் போராடும்போது மருத்துவர் கடவுளாகத் தெரிகிறார்; சற்றுத் தேறியதும் வானதூதராகத் தெரிகிறார்; எழுந்து நடமாடத் தொடங்கியதும் சாதாரண மனிதராகிவிடுகிறார்; கட்டணம் கேட்டு வரும்போதுதான் அவருக்குக் கொம்பும் வாலும் முளைக்கின்றன. அவர் மாறவே இல்லை, பார்ப்பவர் கண்தான் மாறுகிறது என்பது அந்தத் தொகுதியின் பொருள். அது மருத்துவருக்காகப் பரிந்து பேசும் கேலி. முதல் மூன்றையும் விட்டுவிட்டுக் கடைசியை மட்டும் அச்சிட்டால், மருத்துவர்கள் எல்லாரும் பேய்கள் என்று 1587இலேயே சொன்னார்கள் என்ற பொருள்தான் வாசகருக்குக் கிடைக்கும். பெரியாஸ்பத்திரியில் இரவெல்லாம் கண் விழித்து நூறு பேரைப் பார்த்துவிட்டுக் காலையில் அடியும் வாங்கும் இளம் மருத்துவர்கள் உள்ள காலத்தில், இதைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இவற்றை யார் பார்த்தார்கள் என்ற கேள்வியும் முக்கியமானது. ஹோகார்த்தின் ஆறு தகடுகளும் சேர்ந்து ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். கூலி வேலை செய்பவர் நினைத்துப் பார்க்கக்கூடிய விலை அல்ல. ஆனால் அச்சுக்கடைக்காரர்கள் புதிய படங்களைக் கடையின் கண்ணாடி ஜன்னலில் வரிசையாக மாட்டி வைத்தார்கள், காசில்லாதவர்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். மதுரையில் சுவரொட்டிக்கு முன்னால் நின்று வாய்விட்டுப் படித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1751இல் கொடுமையின் நான்கு படிகளைக் காட்டும் படங்களை வெளியிட்டபோது, ஏழைகள் கைக்கும் போக வேண்டும் என்பதற்காக ஹோகார்த் விலையைக் குறைத்தார். மரக்கட்டையில் செதுக்கினால் இன்னும் மலிவாகுமா என்றும் முயன்று பார்த்தார். அதன் கடைசிப் படத்தில், கொலைக்குத் தூக்கிலிடப்பட்ட டாம் நீரோ, கழுத்தில் கயிறு இருக்கும்போதே அறுவை மேசையில் கிடக்கிறான். தலைமை மருத்துவர் நீதிபதியைப்போல உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து கோலை நீட்டி வழிகாட்டுகிறார். கீழே ஒரு நாய் அவனுடைய இதயத்தைக் கவ்வுகிறது. கொலைகாரர்களின் உடலை அறுத்துப் பார்க்கக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் அடுத்த ஆண்டு வந்தது. அதுவும் போதாமல் 1832இல், யாரும் கேட்டு வராத உடல்களை, அதாவது ஏழைவிடுதிகளில் இறந்தவர்களின் உடல்களை, உடற்கூறு கற்பிக்க எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. தூக்கு மேடையில் நின்ற தண்டனை ஏழ்மையின் மேல் வந்து உட்கார்ந்தது. மருத்துவக் கல்லூரிகளுக்குத் தாமாக முன்வந்து உடல்தானம் எழுதிக் கொடுப்பவர்களை நான் பெரிதாக மதிப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இனி, இந்தக் கடிதத்தை உடனே எழுத வைத்த படத்துக்கு வருகிறேன். ஜேம்ஸ் கில்ரே 1802 ஜூன் 12 அன்று வெளியிட்டது. நடுவில் ஆங்கில மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் ஒரு பெண்ணின் கையில் அம்மைப்பால் குத்துகிறார், அதாவது பசுவம்மைக் கொப்புளத்து நீரைக் கொண்டு பெரியம்மைக்குத் தடுப்பூசி போடுகிறார். சுற்றிலும், ஏற்கெனவே குத்திக்கொண்டவர்களின் கையிலும் முகத்திலும் வாயிலும் முதுகுப்புறத்திலும் சின்னச் சின்ன மாடுகள் முளைத்துத் துள்ளுகின்றன. தர்மப் பள்ளிப் பையன் ஒருவன் பால் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். கில்ரே தடுப்பூசியைக் கேலி செய்தாரா, அதைப் பார்த்துப் பயந்தவர்களைக் கேலி செய்தாரா என்று இன்றும் வாதம் உண்டு. எனக்குத் தெரிவது ஒன்றுதான். அந்தக் கூடம் ஏழைகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி போட்ட இடம். மாடு முளைத்த உடம்புகள் எல்லாம் உழைக்கும் சனத்தின் உடம்புகள். இந்தப் படத்துக்குத் தாங்கள் ஆண்டும் போடவில்லை, விளக்கமும் போடவில்லை. தடுப்பூசியின் பக்கவிளைவு, அன்றே சொன்னார்கள் என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள்.

என் மனைவி உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இருபத்தெட்டு ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்தவர். தோளில் தடுப்பூசிப் பெட்டியை மாட்டிக்கொண்டு, உள்ளே ஐஸ் உருகுவதற்குள் கடைசி வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று வெயிலில் நடந்தவர். திங்கட்கிழமை மாலை, எங்கள் தெருவில் மூன்றரை மாதக் குழந்தையை வைத்திருக்கும் ஒரு பெண், தங்கள் பக்கத்தை யாரோ கைப்பேசியில் படம் பிடித்து உறவுக்காரர் குழுவுக்கு அனுப்பியதைக் கொண்டுவந்து காட்டினார். "அந்தக் காலத்துலயே எழுதி வச்சிருக்காகளாம்லம்மா, ஊசி போட்டா உடம்புல என்னமோ முளைக்கும்னு. புள்ளைக்கு மூணாவது ஊசி போடவா, வேணாமா?" என்று கேட்டார். என் மனைவி பதில் சொல்லாமல் என்னை அழைத்து உட்கார வைத்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். என் இடது மேற்கையில் பழைய பத்துப் பைசா அகலத்தில் பள்ளமாக, ஓரமெல்லாம் சுருங்கிப்போன ஒரு தழும்பு இருக்கிறது; சிறு வயதில் அம்மை குத்திய தழும்பு. "இவரு கையில மாடா முளைச்சிருக்கு? இந்த ஊசியாலதான் பெரியம்மை இந்த ஊரவிட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து அந்தத் தழும்பின் மேல் வைத்தார்.

தாங்கள் போடாமல் விட்ட விளக்கம் பெரியதல்ல. ஜென்னர் 1796 மே மாதத்தில் முதன்முதலாகப் பசுவம்மைப் பாலைக் குத்தியது அவருடைய தோட்டக்காரரின் எட்டு வயது மகனான ஜேம்ஸ் ஃபிப்ஸுக்கு. அந்தப் பால் எடுக்கப்பட்டது சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்து. கில்ரேயின் படம் லண்டன் கடை ஜன்னலில் தொங்கத் தொடங்கிய இரண்டாம் நாள், 1802 ஜூன் 14 அன்று, பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தியாவின் முதல் தடுப்பூசி போடப்பட்டது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு என்று பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்து சேர்ந்த பால் அது. அந்தக் குழந்தையின் கையிலிருந்துதான் நம் நாட்டின் பிற ஊர்களுக்கும் அது போனது. பல்லைக் கொடுத்ததும் உடலைக் கொடுத்ததும் ஏழைப் பிள்ளைகள்தான் என்றால், இந்தப் பாலைத் தங்கள் கையில் சுமந்து வந்ததும் அவர்களைப் போன்றவர்கள்தான். மாரியம்மனுக்கு வேப்பிலை கட்டிக் காத்திருந்த வீடுகளில் 1975க்குப் பிறகு ஒரு குழந்தையும் பெரியம்மையால் சாகவில்லை. உலகத்திலிருந்தே அது ஒழிந்துவிட்டது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இத்தனைக்கும் இருபது வரி போதும்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ரோலண்ட்சனின் படத்தை ஓரம் வெட்டாமல், கதவிலுள்ள எழுத்தும் பிள்ளையின் கையிலுள்ள காசும் தெரியும் அளவுக்குப் பெரிதாக மறுபடியும் வெளியிட வேண்டும். கில்ரேயின் படத்துக்கு அதன் ஆண்டையும் மேலே சொன்ன செய்திகளையும் சேர்த்து, பக்கவிளைவு என்று போட்ட வரி தவறு என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். முதலாவதை எந்த ஞாயிற்றுக்கிழமை செய்தாலும் காத்திருக்கிறேன். இரண்டாவதை மட்டும் வருகிற புதன்கிழமைக்கு முன்பே, முடிந்தால் முதல் பக்கத்திலேயே, வெளியிட வேண்டும். புதன்கிழமைதான் துணை சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். என் மனைவி இருந்த இடத்தில் இப்போது இருக்கும் இளம் செவிலியரிடம், அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு எத்தனை தாய்மார்கள் வந்து நிற்பார்கள் என்று தெரியவில்லை. அவர் எடுத்துக் காட்டுவதற்குத் தங்கள் நாளிதழின் வரிகள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.